அஞ்சாவது மாடி கடைசி சீசனும் ஒரு கிலோ மொளகாயும்

வந்துட்டீங்களா எல்லாரும். உக்காருங்க. என்னடா இது, ஒவ்வொருத்தன் மூஞ்சியும் பந்தி முடிஞ்சப்புறம் கல்யாணத்துக்குப் போனவன் மூஞ்சி மாதிரி இருக்கு. 'அஞ்சாவது மாடி' கடைசி சீசன் நல்லா இல்லையாம், அதுக்கு இவ்ளோ துக்கம். உங்கள்ல பாதிப் பேரு மொத ரெண்டு சீசனையே முழுசாப் பாக்கல, போன்ல துண்டு துண்டாப் பாத்து சிரிச்சவனுங்க, எனக்குத் தெரியாதா. இதோ மூலையில உக்காந்திருக்கான் பாருங்க, இவன் நம்ம குரூப்புல "படைப்பாளி ரசிகனுக்கு துரோகம் பண்ணிட்டான்"னு எழுதினான். அத எழுதினது பொம்பளடா. ஆம்பளையா பொம்பளையான்னே தெரியாம துரோகத்த மட்டும் கரெக்டா கண்டுபிடிச்சிட்டான். சரி, கோச்சிக்காதீங்க. நம்ம தணிகைவேல் அந்த ஞாயித்துக்கிழமை மாவு மில்லுல மாட்டிக்கிட்ட கதையச் சொல்றேன், கேளுங்க. நாடகம் பாக்காத புண்ணியவான் எவனாவது இருந்தா அவனுக்காக ஒரு வார்த்த. ஒரு ஹவுசிங் போர்டு. மொத்தமே நாலு மாடி. ஆனா சில நாள் சாயங்காலம் படியேறிப் போனா அஞ்சாவதா ஒரு மாடி இருக்கும். அங்க போனா தொலைச்சதெல்லாம் கெடைக்கும், காணாமப் போன செருப்பு, அறுந்துபோன காத்தாடி, செத்துப்போன ஆடு, என்னைக்கோ ஓடிப்போன புருஷன். ஆடு பேசும், புருஷன் பேச மாட்டான். சிரிச்சிக்கிட்டே இருக்கும்போதே மூக்க உறிஞ்சுவோம். இந்தக் கடைசி சீசன்ல என்னன்னா, பத்து எபிசோடும் அந்த மாடி வரவே இல்ல. சனங்க படியேறிப் பாக்குது, எறங்குது. மேல யாரோ நடக்குற சத்தம் மட்டும் கேக்குது. அவ்ளோதான். டிவிக்காரன் வியாழக்கிழமை பத்தையும் ஒண்ணா எறக்கி விட்டான், வெள்ளிக்கிழமை விடியறதுக்குள்ள ஊரே சேந்து கிழிச்சித் தொங்க விட்டுட்டுது.

எல்லாரும் கிழிச்சாச்சி, தணிகை மட்டும் இன்னும் கிழிக்கல. அதனாலதான் அவன் மில்லு வாசல்ல பெஞ்சியில ராஜா மாதிரி கால்மேல கால் போட்டு உக்காந்திருந்தான். ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு அவன் போன்ல லைவ் போட்டான்னா, அவன் சொல்றதுதான் தீர்ப்பு, அது அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இன்ஜினியரிங்க பாதியில விட்டுட்டு வந்தவன், ஆனா இன்னொருத்தன் எடுத்த படத்துல நட்டு போல்ட்டு எங்க கழண்டிருக்குன்னு சொல்றதுல அவன அடிச்சிக்க ஆளில்ல. கையில அம்மா குடுத்தனுப்பின ஒரு தூக்கு, அதுல மொளகா, மல்லி, கொஞ்சம் தொவரம்பருப்பு, மஞ்சக்கெழங்கு, எல்லாம் மொட்டமாடியில காஞ்சி மொறுமொறுன்னு இருக்கு. குழம்புப் பொடி அரைச்சிட்டு வந்துடு, அர மணி நேர வேலதானன்னு அம்மா சொல்லிச்சி. அர மணி நேரம்னு அம்மா சொன்னப்பவே அவனுக்கு சந்தேகம் வந்திருக்கணும். மில்லுல மொளகாய்க்கு ஒரு சட்டம் இருக்கு. மொதல்ல அரிசி, அப்புறம் கோதும, கேவுரு, பருப்பு, இதெல்லாம் யாரு எப்ப வந்தாலும் முன்னாடி போயிடும். மொளகா கடைசி. மொளகா போட்ட மெஷின்ல கோதுமைய போட்டா அன்னிக்கு ராத்திரி அந்த வீட்டு சப்பாத்தி பேசும். அதனால மொளகாக்காரன் எவ்ளோ சீக்கிரம் வந்தாலும் அவனுக்குப் பின்னாடி வந்த கோதுமைக்கெல்லாம் வழிவிட்டுட்டு உக்காந்திருக்கணும். "அண்ணாச்சி, நான் மூணு மணிக்கே வந்துட்டேன்"னான் தணிகை. பலவேசம் அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்து ஆளு, தலையில, புருவத்துல, காது முடியில எல்லாம் மாவு, எப்பவும் அப்பதான் ஐஸ்கிரீம்லேந்து எழுந்து வந்த மாதிரி இருப்பாரு. "நீ விடியக்காலம் வந்தாலும் வத்தல் கடைசிலதாம்ல. உக்காரு. லைவ்னா எங்கிருந்து வேணாலும் பேசலாம்லா, இங்கருந்து பேசு, எங்கடைக்கும் வெளம்பரமாச்சி." தணிகை சிரிச்சிக்கிட்டே உக்காந்தான். மெஷின் தடதடன்னு ஓடுது, பெஞ்சி நடுங்குது, பெஞ்சியோட சேந்து பல்லும் நடுங்குது, சூடான கோதும வாசனை, அதுக்கடியில பழைய மொளகா வாசனை, செவுத்துலயே ஊறிப்போன வாசனை. அவன் மனசுக்குள்ள ஜோக்கெல்லாம் வரிசையா தூக்குல அடுக்கி வெச்சிருந்தான். மாடி இல்லாத அஞ்சாவது மாடி, கறி இல்லாத பிரியாணி. இல்ல, அது எவனோ சொல்லிட்டான். மாடி கட்ட பெர்மிஷன் கெடைக்கல போல, கார்ப்பரேஷன்ல கேட்டுச் சொல்றேன். இது நல்லாருக்கு. இத மொதல்ல போடணும். இத போட்டு ஆரம்பிச்சிட்டு, அப்புறம் அந்த ஆட்ட கூப்புட்டு வந்து, ஆட்டுக்கு சம்பள பாக்கியான்னு கேட்டு, அப்படியே கொண்டு போயி ஒம்பதாவது எபிசோட்ல, ஒம்பதாவது எபிசோட்ல என்ன சொல்றது. இந்த எடத்துல வந்தா மட்டும் ஜோக்கு நிக்குது. மெஷின்ல கல்லு மாட்டின மாதிரி ஒரு சத்தம் உள்ள.

போன எடுத்துப் பாத்தான். ஜெசிந்தா வெள்ளிக்கிழமை போட்ட மெசேஜ் அப்படியே இருக்கு. "பாத்தியா." அதுக்குக் கீழ, "திட்றதா இருந்தா நேர்ல வந்து திட்டு. லைவ்ல திட்டாத." ரெண்டுக்கும் அவன் பதில் போடல. ஜெசிந்தாதான் இந்த நாடகத்த எழுதினவ. பெரம்பூர்ல அவனோட ஒரே ஸ்கூலு, ஒரே வகுப்பு, அவ பரீட்சையில எழுதினத அவன் பாத்து எழுதுவான், அவன் அடிக்கிற ஜோக்க அவ நோட்டு ஓரத்துல எழுதி வெச்சிப்பா. நான் பேசுறத பூரா நீ திருடுறடின்னா, நீ பேசிட்டு கீழ போடுற, நான் பொறுக்கிக்கிறேன், அதுல என்ன திருட்டும்பா. மொத சீசன்ல அந்த ஆடு பேசின பேச்சுல பாதி அவன் பேசினதுதான், அதுல அவனுக்குப் பெருமை, தெரு பூரா சொல்லிக்கிட்டு அலைஞ்சான், அந்த ஆடு நான்தான்டான்னு. ஆடா இருக்குறதுல ஒரு பிரச்சினையும் இல்ல. ஒம்பதாவது எபிசோட்ல வர்ற ஆளா இருக்குறதுதான் பிரச்சினை. ஒம்பதாவதுல என்னன்னா, நாலாவது மாடியில ஒருத்தன், மிமிக்ரி பண்றவன், அவங்கப்பா ஆஸ்பத்திரியில தொண்டையில ட்யூப் போட்டு படுத்திருக்காரு, பேச முடியாது. அம்மா வீட்ல கால ஒடச்சிக்கிட்டு படுத்திருக்கு, வர முடியாது. தெனமும் சாயங்காலம் அம்மா போன் பண்ணி அவருகிட்ட குடுன்னு கேக்குது. இவன் ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுக்கிட்டு அப்பா குரல்ல பேசுறான். ஒரு நாள் இல்ல, அப்பா சாகுற வரைக்கும் பேசுறான். இத பாத்துட்டுத்தான் ஊரு துப்புது. தணிகை காதுல மாட்டியிருந்த இயர்போன்ல விமர்சனம் பண்ற கோயம்புத்தூர்க்காரன் ஒருத்தன் அழகா, பொறுமையா, பேப்பர் படிக்கிற மாதிரி துப்பிக்கிட்டிருந்தான். மூன்று சீசனாகக் கட்டிய மாய உலகத்தை விட்டுவிட்டு ஒரு மலிவான கண்ணீர்க் காட்சிக்குள் கதை தஞ்சம் புகுந்துவிட்டது என்றான். இப்படி ஒரு மகன் எந்த வீட்டில் இருக்கிறான் என்றான். தணிகை அந்தத் தூக்கு மூடிய இறுக்கிப் புடிச்சிக்கிட்டான். எந்த வீட்ல இருக்கான்னா, இருவத்தி நாலாம் நம்பர் வீட்ல இருக்கான் தம்பி, இப்ப மாவு மில்லுல மொளகாய்க்குக் காத்திருக்கான்.

ஆமா, அது அவன்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி, அவங்கப்பா முனிரத்தினம் நெஞ்சு ஆபரேஷனுக்கப்புறம் ட்யூபோட கெடந்தப்ப, அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து காலுல கட்டோட வீட்ல கெடந்தப்ப, அவன்தான் அந்த வராண்டாவுல நின்னு பேசினான். டாக்டரு நாளைக்கு எடுத்துடலாம்னு சொன்னாரு, ட்யூப. மறுநாளும் அதையேதான் சொன்னாரு. ஒரு நாளைக்குத்தான அப்படின்னு ஆரம்பிச்சது. அப்பா குரல பண்றது அவனுக்கு சர்க்கரப் பொங்கல் சாப்புடுற மாதிரி, சின்ன வயசுலேந்து அப்பா இல்லாதப்ப பண்ணி அம்மாவ சிரிக்க வெச்சவன். முனிரத்தினம் ரயில்வே ஒர்க்ஷாப் ஆளு, சம்மட்டி சத்தத்துலயே இருந்து இருந்து போன்லயும் கத்தித்தான் பேசுவாரு, ஆனா ரொம்ப சுருக்கமா. மொதல்ல ஒரு செருமல். அப்புறம் "ம். நான்தான்." அப்புறம் விஷயம். அப்புறம் "வெச்சிடு." அவ்ளோதான், அந்தாளு பேச்சு தந்தி மாதிரி. தணிகை அந்த செருமல பண்ணான், நான்தான்னான், அம்மா அந்தப் பக்கத்துல ஒரு செகண்டு சும்மா இருந்துச்சி, அப்புறம் "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டுச்சி. விழுந்துட்டுது, நம்பிடுச்சின்னு அவனுக்கு ஒரே சந்தோஷம், வராண்டாவுல கை ரெண்டையும் தூக்கி சிக்ஸ் அடிச்சவன் மாதிரி நின்னான், நர்ஸ் ஒருத்தங்க மொறைச்சிட்டுப் போனாங்க. அந்த சந்தோஷம் இன்னிக்கு வரைக்கும் அவனுக்குள்ள இருக்கு, அதான் விசேஷம். அப்பா போயிட்டாரு, அது துக்கம், அது தனி. ஆனா அம்மா கடைசி வரைக்கும் அவரு பேசினாருன்னு நம்பிக்கிட்டு இருக்கு, பேசிட்டுத்தான் போனாருன்னு அக்கம்பக்கத்துல சொல்லுது, அந்த நம்பிக்கைய செஞ்சி குடுத்தவன் நான், என் வாழ்க்கையில நான் முழுசா முடிச்ச ஒரே வேல அதுதான்னு அவன் உள்ளுக்குள்ள ஒரு மெடல் மாட்டி வெச்சிருந்தான். யாருக்கும் காட்டாத மெடல். ஜெசிந்தா ஒருத்திகிட்டதான் ஒரு தடவ, மெரினாவுல மொளகா பஜ்ஜி சாப்புட்டுக்கிட்டே, ஜோக்கு மாதிரி சொன்னான். அவ சிரிக்கல. பஜ்ஜிய கீழ வெச்சிட்டா. அன்னிக்கே எழுந்து ஓடியிருக்கணும், இவ பஜ்ஜிய கீழ வெச்சாலே எதையோ பொறுக்குறான்னு அர்த்தம்.

இப்ப பயம் ஊரு துப்புறதப் பத்தி இல்ல. ஊரு துப்பினா தொடச்சிக்கலாம். அம்மாவும் இந்த நாடகத்தப் பாக்குது, அதான் பயம். நம்மள மாதிரி ஒரே ராத்திரியில முழுங்குற ஆளில்ல கமலவேணி அம்மா, சாப்புட்டுட்டு, பாத்திரம் கழுவிட்டு, தையல் மெஷின் பக்கத்துல உக்காந்து ரவிக்கைக்குக் கொக்கி வெச்சிக்கிட்டே மூணு, நாலுன்னு நிதானமா பாத்துக்கிட்டு வருது. நேத்து எட்டாவது முடிஞ்சிருந்துச்சி. இன்னிக்கு மத்தியானம் அவன் ரிமோட்ட எடுத்து சோபாவுக்கு அடியில தள்ளி விட்டுப் பாத்தான், அது வெளக்குமாத்தால எடுத்துடுச்சி. கேபிள புடுங்கலாம்னு போனப்பதான் கையில தூக்க குடுத்து அனுப்பிடுச்சி. அப்ப இந்நேரம் ஒம்பதாவது ஓடுது. இந்நேரம் அந்த மிமிக்ரிக்காரன் வராண்டாவுல நிக்கிறான், செருமுறான். அம்மா கொக்கிய நிறுத்திட்டு டிவிய பாக்குது. அம்மா மூஞ்சி எப்படி மாறும்னு அவன் யோசிக்க ஆரம்பிச்சான், யோசிக்க முடியல, அம்மா மூஞ்சிக்குப் பதிலா அந்த நாடகத்து அம்மா மூஞ்சிதான் வருது, அந்த நடிகை மூக்கு கொஞ்சம் நீளம். ஓடிப்போயி டிவிய மறைச்சிக்கிட்டு நிக்கலாமா. மொளகாய யாரு வாங்குறது. மொளகாய உட்டுட்டுப் போனா அம்மாவுக்கு சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா என்ன, டிவியிலதான் ஜெசிந்தா எல்லாத்தையும் போட்டு ஒடைக்கிறாளே. இல்ல, அம்மாவுக்கு அவ்ளோ தூரம் தோணாது, கதைதான நெனச்சிக்கும், ஆடு பேசுறத நம்பினதா, இல்லல்ல, அப்ப இதையும் நம்பாது, அவ்ளோதான், முடிஞ்சி. அப்பாடான்னு கால மாத்திப் போட்டான். அப்ப பாத்து பக்கத்துல உக்காந்திருந்த மஞ்சுளாக்கா, பின் தெருவுல இட்லி கடை போடுறவங்க, தொடையில அரிசி டப்பாவ வெச்சிக்கிட்டு, "ஏன்டா தணிகை, நீ அந்த மாடி நாடகத்தப் பத்தி இன்னிக்கு பேசப்போறியாமே"ன்னாங்க. "ஆமாக்கா." "அந்தம்மா என்ன லூசாடா. புருஷன் கொரலுக்கும் புள்ள கொரலுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒருத்திக்கு? எம்புருஷன் கதவத் தட்டுறதுலயே அன்னிக்கு எவ்ளோ குடிச்சிருக்கான்னு நான் சொல்லிடுவேன்." "மிமிக்ரி அவ்ளோ சூப்பரா பண்றான்க்கா அவன்." "என்னத்த சூப்பரு. நீயுந்தான் பண்ற, என் கொரல்ல இட்லி விக்கிற. எவனாவது நம்பி இட்லி வாங்கியிருக்கானா?" அண்ணாச்சி மெஷினுக்குப் பின்னாலருந்து, "நம்புத மாதிரி இருக்கணும்லா அதுக்கு"ன்னு எடுத்துக் குடுத்தாரு. தணிகையும் சேந்து சிரிச்சான். சிரிப்பு மொளகா வாசனையில மாட்டி இருமலா மாறிப்போச்சி.

இந்த எடத்துல உங்களுக்கு ஒரு விஷயத்த ஞாபகப்படுத்திடுறேன், கத்தாதீங்க. தீர்ப்பு சொல்லப்போற நம்மாளு பத்தாவது எபிசோட பாக்கல. ஒம்பதாவதோட நிறுத்திட்டான். பாக்காமலே கிழிக்கிறது அவனுக்குப் புதுசும் இல்ல, அதுல ஒரு தெறம வேணும். அந்தப் பத்தாவதுலதான் அம்மாவுக்கு உண்ம தெரிஞ்சி, நெஞ்சுல அடிச்சிக்கிட்டு அழுது, மகன வெளிய போடான்னு சொல்லும்னு அவனா ஒரு கணக்கு போட்டு வெச்சிருந்தான், அதப் பாக்குற தெம்பு அவனுக்கு இல்ல. கோயம்புத்தூர்க்காரன் பத்தாவதுக்கு வந்தான். மெஷின்ல அண்ணாச்சி கேவுரு கொட்டினதால சத்தம் கொஞ்சம் எறங்கிச்சி, அதனால ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா காதுல விழுந்துச்சி. இறுதி அத்தியாயத்தில் இதைவிடப் பெரிய அபத்தம் காத்திருக்கிறது என்றான். அந்தத் தாய்க்கு முதல் நாளே தெரியுமாம். எப்படித் தெரியுமாம்? "அவர் ஒரு நாளும் என்னைச் சாப்பிட்டியா என்று கேட்டதில்லை. அன்று கேட்டார். அப்போதே தெரிந்துவிட்டது, பேசுவது என் பிள்ளை என்று." இவ்வளவுதான் விளக்கம். ஒரு முழு சீசனின் முடிச்சையும் ஒரு சாப்பாட்டுக் கேள்வியில் அவிழ்த்துவிடலாம் என்று எழுத்தாளர் நினைத்திருக்கிறார், பரிதாபம் என்றான். தணிகை இயர்போன ஒரு காதுலேந்து புடுங்கினான், ஏதோ காதுக்குள்ள பூச்சி பூந்த மாதிரி, அப்புறம் திரும்ப மாட்டி, பின்னாடி தள்ளி, இன்னொரு தடவ கேட்டான். சாப்பிட்டியா. அன்னிக்கு அவன் கேட்டான். அப்பா கொரல்ல, செருமிட்டு, நான்தான்னு சொல்லிட்டு, பேச ஒண்ணும் தோணாம, வராண்டாவுல எவனோ இட்லி பொட்டலத்தப் பிரிச்ச வாசனை வந்து, வீட்ல அம்மா ஒத்தக்காலோட எப்படி சமைச்சிருக்கும்னு தோணி, கேட்டுட்டான். நீ சாப்ட்டியா. அப்பா என்னிக்கு அம்மாவ அப்படிக் கேட்டாரு. சோறு ஆச்சா, அதான் அவரு கேள்வி, அது அவரு சோத்தப் பத்தினது. பொல்லாதவரு இல்ல, அவருக்கு அந்தக் கேள்வி இருக்குறதே தெரியாது. இது ஜெசிந்தாவுக்கு எப்படித் தெரியும். இத நான் சொல்லலையே. மெரினாவுல சொன்னத திரும்ப ஓட்டிப் பாத்தான், பஜ்ஜி, காத்து, குதிரை, ட்யூபு, செருமல், நான்தான், எல்லாம் சொன்னான், சாப்ட்டியான்னு கேட்டத சொல்லல. சொல்லல, ஏன்னா கேட்டதே அவனுக்கு இப்பதான் ஞாபகம் வருது. போன்ல அந்தப் பக்கம் இருந்தவங்களுக்கு மட்டும்தான் அது தெரியும்.

அப்ப அம்மா சொல்லியிருக்கு. ஜெசிந்தா ரவிக்க தைக்க வருவா, உள்ரூம்ல அளவெடுக்குறேன்னு கதவ சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் பேசுவாங்க, ஒரு ரவிக்கைக்கு அப்படி என்னதான் அளவுன்னு இவன் வெளியிலேந்து கிண்டல் அடிப்பான், உள்ள ரெண்டு பேரும் சத்தமே இல்லாம இருப்பாங்க. அம்மாவுக்குத் தெரியும். மொத நாளே தெரியும். அப்ப அந்த ஒரு செகண்டு சும்மா இருந்துச்சே, அது விழுந்த செகண்டு இல்ல, கண்டுபுடிச்ச செகண்டு. அப்ப ரெண்டாவது நாள்? மூணாவது நாள்? தெரிஞ்சிக்கிட்டே தெனமும் ஏன் போன் பண்ணுச்சி, அவருகிட்ட குடுன்னு ஏன் கேட்டுச்சி. அவன் மனசு அந்த வராண்டாவுல மேலயும் கீழயும் நடந்துச்சி, ஒவ்வொரு சாயங்காலத்தையும் எடுத்துப் பொரட்டிப் பாத்துச்சி. அம்மா என்னென்ன சொல்லிச்சி. டாக்டரு என்ன சொல்றாருன்னு அவன கேட்டீங்களான்னு கேட்டுச்சி. பயப்படாதீங்க, எது ஆனாலும் நான் இருக்கேன்னு சொல்லிச்சி. அப்பாவுக்குப் போயி பயப்படாதீங்கன்னு சொல்லுதே, அவரு ரயிலையே தூக்கி நிறுத்துற ஆளாச்சேன்னு அப்ப இவன் உள்ளுக்குள்ள சிரிச்சான். அப்புறம் கடைசிக்கு மொத நாள், இத நெனச்சப்ப தணிகை பெஞ்சியிலேந்து எழுந்து நின்னுட்டான், ஏன்னே தெரியாம எழுந்தான், அண்ணாச்சி "உன் மொற வரலடே"ன்னு சொன்னது எங்கயோ கேட்டுச்சி. கடைசிக்கு மொத நாள் அம்மா சொல்லிச்சி, "நம்ம தணிகைய ஒண்ணும் சொல்லாதீங்க. காலேஜ விட்டுட்டான்னு மூஞ்சி குடுத்துப் பேசாம இருக்காதீங்க. அவனுக்குப் புடிக்கலன்னா என்ன பண்றது. அவன் பொழச்சிக்குவான்." அப்பா நாலு மாசமா அவன்கிட்ட பேசல அப்ப, காலேஜ விட்டதுலேந்து. இவன் அப்பா கொரல்ல, வீரமா, கத்தி, "போனா போவுது படிப்பு. பொழச்சிக்குவான் கழுத"ன்னான். சொல்லிட்டு செவுத்துல சாஞ்சி நின்னான். அப்பா வாயால தனக்குத் தானே மன்னிப்ப எழுதிக்கிட்ட கில்லாடி நான் ஒருத்தன்தான்னு மூணு வருஷமா நெனச்சிக்கிட்டிருந்தான். இவனுக்கு அது வேணும்னு தெரிஞ்சி, இவன் வாயாலயே இவனுக்குக் குடுக்க வெச்சது அந்தப் பக்கத்துல கட்டுப்போட்ட காலோட படுத்திருந்த ஆளு. யாரு யாருக்கு வசனம் எழுதினது.

போன் அடிச்சிது. அம்மா. எடுக்கறதுக்கு முன்னாடி அவன் தொண்டைய சரி பண்ணினான், பண்ணின செருமல் அப்படியே அப்பா செருமல், அதக் கேட்டு அவனுக்கே சிரிப்பு வந்துச்சி. "மொளகா ஆச்சா?" "இல்லம்மா. கேவுரு ஓடுது. அடுத்து நாமதான்." "பொடி சூடா இருக்கும், மூடி போட்டு எடுத்துட்டு வந்துடாத, வேர்த்துடும். பேப்பர்ல கொட்டி ஆற வெச்சி எடுத்துட்டு வா." "சரி." மெஷின் சத்தத்துல அவன் ஒரு கையால காதப் பொத்திக்கிட்டு வாசலுக்கு வந்தான். "என்னம்மா பண்ற?" "நாடகம் பாத்து முடிச்சேன். ரெண்டும் பாத்துட்டேன், ஒம்பதும் பத்தும்." தெருவுல ஒருத்தன் சைக்கிள் டயர உருட்டிக்கிட்டுப் போனான். "எப்படிம்மா இருந்துச்சி?" "நல்லாதான் இருந்துச்சி. ஜெசி நல்லா எழுதியிருக்கு. அந்தம்மாவா வந்தவளுக்குத்தான் ரவிக்க கை சரியில்ல, தொளதொளன்னு. நான் அப்படிப் போட மாட்டேன்." தணிகை போன இன்னொரு காதுக்கு மாத்தினான். எத்தன கொரல் வெச்சிருக்கான் உள்ள, ஒண்ணுகூட வரல. "ஏம்மா"ன்னான் கடைசியா, சொந்தக் கொரல்ல. "சொல்லு." "எல்லாரும் நாடகத்த கண்டபடி திட்றாங்கம்மா. அந்தம்மா லூசான்னு கேக்குறாங்க." "கேட்டா கேக்கட்டும். நீயும் திட்டணும்னா திட்டு, உன் பொழப்பு அது. பொய் மட்டும் சொல்லாத. எனக்குக் கொக்கி வேல கெடக்கு, வெச்சிடட்டா." வெச்சிடுச்சி. கோயம்புத்தூர்க்காரன் எவ்ளோ நேரம் பேசினான், ஒரு இங்கிலீஷ் பேப்பர் எவ்ளோ நீளமா எழுதிச்சி, நம்ம குரூப்புல நீங்கல்லாம் எவ்ளோ கிழிச்சீங்க. ரவிக்க கை சரியில்லன்னு ஒருத்தருக்கும் தெரியல பாருங்க.

அண்ணாச்சி கூப்புட்டாரு, "ஏல, வத்தல கொண்டா." தூக்க கவுத்தான். மெஷின் வாயில மொளகா விழுந்த ஒடனே மில்லே செவந்துபோன மாதிரி ஒரு நெடி, மஞ்சுளாக்கா அரிசி மாவ எடுத்துக்கிட்டு முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டு ஓடிட்டாங்க, அண்ணாச்சி மூக்குல கட்டுற துண்ட ஏத்திக்கிட்டாரு. மணி ஆறு அடிக்கப்போகுது, தணிகை கண்ணு ரெண்டும் தாரதாரயா ஊத்துது. மொளகாய்க்கு ஊத்துச்சா வேறெதுக்கு ஊத்துச்சான்னு நீங்க கேப்பீங்க, கேக்காதீங்க, மில்லுல நின்னு பாத்தா தெரியும். அவன் கார்ப்பரேஷன் பெர்மிஷன் ஜோக்க ஒரு தடவ நெனச்சிப் பாத்தான். நல்ல ஜோக்குதான். இன்னொரு நாளைக்கு ஆகும். வாசப்படியில உக்காந்து, பேப்பர்ல கொட்டின பொடிய ஒரு கையால கெளறி விட்டுக்கிட்டே, இன்னொரு கையில போன புடிச்சி லைவ ஆரம்பிச்சான். நீங்க எல்லாரும் வந்தீங்க, ஞாபகம் இருக்குல்ல. என்ன தல அழுவுறீங்கன்னு ஒருத்தன் போட்டான். ஜெசிந்தா காசு குடுத்தாளான்னு ஒருத்தன். கிழி தலைவா கிழின்னு இந்த மூலையில உக்காந்திருக்கானே, இவன். ஜெசிந்தா பேரும் ஒரு ஓரத்துல தெரிஞ்சிச்சி, எதுவும் எழுதல, கேட்டுக்கிட்டு மட்டும் இருந்தா.

தணிகை ரெண்டு தடவ தும்மினான். "மாடி வரலன்னு அழுவுறவன்லாம் அப்படி ஓரமா நில்லுங்க, உங்ககிட்ட அப்புறம் வரேன். ஒம்பதாவதையும் பத்தாவதையும் பத்தி மட்டும் இன்னிக்கு பேசுறேன்"னான். "இப்படி ஒரு புள்ள இருக்க மாட்டான், இப்படி ஒரு அம்மா இருக்க மாட்டாங்கன்னு மூணு நாளா எழுதிக்கிட்டிருக்கீங்கல்ல. இருக்காங்க. பெரம்பூர்ல இருக்காங்க, பேரு கமலவேணி, ரவிக்க தைப்பாங்க, உங்க வீட்டுப் பொம்பளைங்க போட்டிருக்கறதுகூட அவங்க தைச்சதா இருக்கும். அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல அப்பா கொரல்ல பேசினவன் நான்தான். பத்தாவது எபிசோட நான் இன்னும் பாக்கல, ராத்திரி பாப்பேன். ஆனா ஒண்ணு. மஞ்சுளாக்காலேந்து கோயம்புத்தூர் வரைக்கும் எல்லாரும் அந்தம்மா ஏமாந்துட்டாங்கன்னு சொல்றீங்க." பொடி கெளறின கையால கண்ணத் தொடைக்கப் போயி, ஐயையோன்னு பாதியில நிறுத்தினான். "அந்த வீட்ல ஏமாந்தவன் ஒருத்தன்தான். அது நான்."